நிரவி சொன்ன மேகம்

பங்குனி மாதத்து உச்சிவேளை. கோகிலவாணியின் மோட்டார் சத்தம் இறங்கி, முனகி, நின்றது. வெங்காயப் பாத்திகளில் சொட்டுநீர்க் குழாய்கள் கடைசித் துளிகளைக் கக்கிவிட்டு ஓய்ந்தன. அவள் மோட்டார் அறைக்குள் போய், சுவரில் மாட்டியிருந்த பெட்டியின் திரையைப் பார்த்தாள். 'மேகம். சற்றுப் பொறுக்கவும்' என்று இருந்தது.

வெளியே வந்து நெற்றியில் கைவைத்து அண்ணாந்து பார்த்தாள். ஊதியூர் மலைப்பக்கமும் சரி, எதிர்ப்பக்கமும் சரி, வானம் துலக்கி வைத்த தட்டுபோல இருந்தது. மேகம் என்று சொல்ல ஒரு பஞ்சுத் துணுக்குக்கூட இல்லை. அந்த நேரத்தில் வேலிக்கு அந்தப்பக்கம், தவமணியின் தென்னந்தோப்பில், தொட்டிக்குள் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது.

இதற்கு முன்பும் மோட்டார் நின்றிருக்கிறது. பெட்டி மேகம் என்றால் மேகம்தான் என்று விட்டுவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுவாள். தலையைத் தூக்கி வானத்தைப் பார்த்தது அன்றைக்குத்தான். ஒரு தோட்டத்துக்கு மட்டும் எப்படி மேகம் வரும் என்று நினைத்தபடி, தவமணியின் தொட்டிச் சத்தம் ஓயும்வரை அங்கேயே நின்றாள்.

வேலாங்காட்டுப்புதூரில் தோட்டத்து மோட்டார்களுக்கு வெளியிலிருந்து மின்சாரம் வருவதில்லை. ஊர்ப் புறம்போக்கில் வரிசை வரிசையாகச் சோலார் பலகைகளும் கரட்டின்மேல் இரண்டு காற்றாலைகளும் இருக்கின்றன. அவை தருவதுதான் மொத்த ஊருக்கும். வெயிலும் காற்றும் ஒரே அளவாக இருப்பதில்லை. ஒரு நாழிகை கொட்டும், மறு நாழிகை வற்றும். கிடைப்பதை ஊரின் மோட்டார்களுக்கெல்லாம் பங்கிட்டு, எதை ஓட்டுவது, எதை மெதுவாக்குவது, எதை நிறுத்துவது என்று முடிவுசெய்ய ஒரு கம்பெனி கருவி வைத்துக்கொடுத்தது. மேடுபள்ளமான நிலத்தை நிரவிவிடுவதுபோல மின்சாரத்தை நிரவிவிடும் என்பதால் அதற்கு நிரவி என்று பெயர். ஒவ்வொரு மோட்டார் அறையிலும் அதன் பெட்டி ஒன்று உண்டு. மோட்டாரை நிறுத்தினால் ஏன் நிறுத்தினேன் என்று காரணம் சொல்லும்.

கோகிலவாணிக்கு அது பிடித்திருந்தது. அவள் திருப்பூரில் பனியன் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலையில் பன்னிரண்டு வருஷம் இருந்தவள். தையலில் ஒரு கண்ணி தவறியிருந்தாலும் துணியை ஒதுக்கிவைத்துவிடுவாள். ஆளுக்கு ஆள் முகம் பார்க்காமல் ஒரு இயந்திரம் தண்ணீரைப் பங்கிடுவது நியாயமாகப் பட்டது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளும் கணவன் மகுடபதியும் ஊர் திரும்பி, மாமனார் விட்டுப்போன நிலத்தில் புதிதாக ஆழ்துளைக் கிணறு போட்டு வெங்காயம் வைத்தார்கள். மகுடபதி காலையிலும் மாலையிலும் பால் வண்டி ஓட்டினான். தோட்டம் அவள் பொறுப்பு.

அப்போதெல்லாம் அவளுக்குக் கைகொடுத்தவள் பக்கத்துத் தோட்டத்துத் தவமணிதான். அவளைவிடப் பத்து வயது மூத்தவள். கணவர் காங்கேயத்தில் எண்ணெய் மில் பார்த்துக்கொண்டிருக்க, தோப்பையும் மாடுகளையும் தனியாகப் பார்த்துவந்தாள். தண்ணீர்ச் சங்கத்தின் செயலாளரும் அவள்தான். சங்க அறையின் சாவி அவளிடம் இருந்தது. நிரவியின் பெரிய திரையும் அந்த அறைக்குள்தான் இருந்தது.

அன்று மாலை மகுடபதியிடம் சொன்னபோது அவன் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கண்ணுக்குத் தெரியாத மெல்லிய மேகமாக இருக்கும், இயந்திரத்துக்குத் தெரிவது நமக்குத் தெரியுமா என்றான். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. மறுநாள் மோட்டார் நின்றதும் வண்டியை எடுத்துக்கொண்டு புறம்போக்குக்குப் போனாள். காவலுக்கு இருந்தவரிடம் மீட்டரைக் காட்டச் சொன்னாள். வெயில் முழுசாக இறங்குகிறது, இதற்குமேல் ஏறாது என்று அவர் முள்ளைக் காட்டினார். அங்கிருந்தபடியே, மோட்டார் அறையில் நிற்கச் சொல்லியிருந்த மகுடபதியைச் செல்போனில் கூப்பிட்டுப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று கேட்டாள். மேகம் என்றுதான் இருக்கிறது என்றான் அவன்.

இயந்திரம் பொய் சொல்லாது என்று கோகிலவாணி நம்பினாள். அப்படியானால் யாரோ சொல்லவைக்கிறார்கள்.

தவமணியிடம் நேரே கேட்காமல் சுற்றிவளைத்துப் பேச்சுக் கொடுத்தாள். மோட்டார் அடிக்கடி நிற்கிறதே, சங்கத்தில் ஏதாவது தெரிந்ததா என்றாள். பொட்டி சொல்வதை நாம் என்ன கேள்வி கேட்பது, என்னுடையதும்தான் காலையில் நின்று நின்று ஓடுகிறது, காற்று இல்லை என்கிறது என்று தவமணி சிரித்தாள். சிரிக்கும்போது அவள் மாட்டுக்குத் தீவனம் அள்ளிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை. முகத்தைப் பார்த்துப் பேச முடியாமல்தான் குனிந்துகொண்டாள் என்று கோகிலவாணிக்குத் தோன்றியது. முந்தைய வாரம் இதே சிரிப்பைப் பார்த்திருந்தால் அப்படித் தோன்றியிருக்காது.

வடக்குத் தோட்டத்துக் குழந்தைவேல் மஞ்சள் போட்டிருந்தார். அவரிடம் கேட்டபோது, தனக்கும் வெறும் வானத்தில் மேகம் வருகிறது என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"செயலாளரம்மா தோப்பு மட்டும் மத்தியானத்துல நனைஞ்சு கெடக்குதுங்களே, அதப் பாத்தீங்களா?"

பார்த்தேன் என்று அவள் சொன்னாள். அவர்கள் பேசியது அவ்வளவுதான். ஆனால் பால் சங்கத்திலும் டீக்கடையிலும் பேச்சு கிளம்ப அது போதுமானதாக இருந்தது. சாவி யாரிடம் இருக்கிறதோ அவர்கள் தோப்புக்குத் தண்ணீர் போகிறது என்று ஒருவர் சொல்ல, கம்பெனிக்காரர்கள் வந்தால் தவமணி வீட்டில்தான் சாப்பிடுகிறார்கள் என்று இன்னொருவர் சேர்த்துக்கொண்டார். உண்மைதான். ஊரில் அவர்களுக்குச் சோறு போட வேறு யாரும் முன்வந்ததில்லை என்பதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

அந்தச் சமயத்தில் தவமணியின் மகளுக்கு வளைகாப்பு வந்தது. தவமணி தட்டில் வெற்றிலை பாக்கும் மஞ்சள் குங்குமமும் வைத்துக்கொண்டு நேரில் வந்து அழைத்தாள். முதல் வளையல் நீதான் போட வேண்டும் என்று கோகிலவாணியிடம் சொன்னாள். வருகிறோம் அக்கா என்று கோகிலவாணி தட்டை வாங்கிக்கொண்டாள். ஆனால் போகவில்லை. ஊரில் பாதிப் பேர் போகவில்லை. வேலிக்கு அந்தப்பக்கம் பந்தலில் போட்ட நாற்காலிகள் காலியாகக் கிடந்ததை அவள் வெங்காயப் பாத்தியிலிருந்து பார்த்தாள். அன்று மாலை தவமணி கலந்த சாதங்களைப் பெரிய பாத்திரத்தில் அள்ளிவந்து மாடுகளுக்கு வைத்தாள். இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் கோகிலவாணி தலையைக் குனிந்துகொண்டிருப்பாள்.

அதற்கு அடுத்த வாரம் அவள் குழந்தைவேலோடு சேர்ந்து கம்பெனிக்குப் புகார் அனுப்பினாள்.

கம்பெனியிலிருந்து ஜெபசெல்வி என்ற பொறியாளர் வந்தாள். நாகர்கோவில் பக்கத்துப் பெண். முப்பது வயதிருக்கும். இந்த முறை அவள் தவமணி வீட்டில் சாப்பிடவில்லை. கையோடு கொண்டுவந்ததை வண்டியிலேயே உட்கார்ந்து சாப்பிட்டாள். புகார் என்ன என்பது அவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். இரண்டு நாள் மோட்டார் அறை மோட்டார் அறையாகப் போய் எதையெதையோ பார்த்தாள். மூன்றாம் நாள் கோகிலவாணியின் தோட்டத்துக்கு வந்து, தனியாகப் பேச வேண்டும் என்றாள். ஆழ்துளைக் கிணற்றுக்குப் பக்கத்தில், வேம்பு நிழலில் நின்றார்கள்.

"அக்கா, நீங்க சொன்னது சரிதான். மேகம் இல்லை" என்றாள் ஜெபசெல்வி. "ஆனா யாரும் எதையும் மாத்தி வைக்கல. சாவி இருந்தாலும் அந்த ரூம்ல பாக்கத்தான் முடியும். எதையும் தொட முடியாது."

"அப்புறம் எதுக்குங்க என்ற மோட்டார் மட்டும் நிக்குது?"

ஜெபசெல்வி வேலிக்கு அந்தப்பக்கம், தவமணியின் கிணறு இருந்த திசையில் கைகாட்டினாள். பிறகு சொன்னாள்: "உங்க போரும் அவங்க கிணறும் அடியில ஒரே ஊத்து. நீங்க ஓட்டினா அவங்க கிணத்துல தண்ணி இறங்குது. உங்க மோட்டார் நின்னாத்தான் ஊறுது. அந்த நேரத்துல மட்டும்தான் அவங்களால இறைக்க முடியும். மோட்டார் இழுக்கிற கரண்ட்டை வச்சே தண்ணி எவ்வளவு ஆழத்துல இருக்குன்னு நிரவிக்குத் தெரியும். ஊர்ல எந்தக் கிணறு எந்தக் கிணத்தை உறிஞ்சுதுன்னு அதுக்கு மொத்தமும் தெரியும்."

கோகிலவாணி கிணற்று மூடியின்மேல் கைவைத்துக்கொண்டாள். வெயிலில் கிடந்த இரும்பு சுட்டது. கையை எடுக்கத் தோன்றவில்லை.

அதைச் சொல்ல வேண்டியதுதானே, மேகம் என்று ஏன் சொல்ல வேண்டும் என்று கேட்டாள்.

"மொதல்ல உண்மையைத்தான் சொல்லிச்சு. வேற ஊர்கள்ல, ஆரம்பத்துல. 'உங்கள் மோட்டார் ஓடினால் அடுத்த கிணறு வற்றும்'னு காட்டும். உடனே சண்டை. ஒயரை அறுத்துட்டு நேரா மோட்டாரைப் போட்டாங்க. ஒரு ஊர்ல அரிவாள் வரைக்கும் போச்சு. மேகம்னு சொன்னப்ப மட்டும் யாரும் சண்டைக்குப் போகல, பொறுத்துக்கிட்டாங்க. எந்தக் காரணத்தைச் சொன்னா கலகம் இல்லாம மோட்டார்கள் ஓடுதுன்னு அது தானாப் பாத்து கத்துக்கிச்சு. நாங்க சொல்லிக்குடுக்கல."

"உங்க கம்பெனிக்குத் தெரியாதுங்களா?"

போன வருஷமே தெரிந்துவிட்டது என்றும், புகார் குறைந்ததால் அப்படியே விட்டுவிட்டார்கள் என்றும், இதைச் சொன்னதற்காகத் தன் வேலை போகலாம் என்றும் ஜெபசெல்வி சொன்னாள். அவள் சொல்வது எவ்வளவு தூரம் உண்மை, இதுவும் புகாரை அமுக்க எடுத்த வழிதானோ என்றுகூடக் கோகிலவாணி நினைத்தாள். ஆனால் மனதுக்குள் வேறொன்று புரண்டுகொண்டிருந்தது. ஊர் முழுக்கத் தண்ணீர்த் திருடி என்று பெயர் வாங்கியவள் தவமணி. அவள் கிணற்றுத் தண்ணீரை இரண்டு வருஷமாகக் குடித்தது தன் வெங்காயம்.

யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று அவள் ஜெபசெல்வியிடம் கேட்டுக்கொண்டாள். புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்றாள். ஜெபசெல்வி அவளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சரி என்று சொல்லி வண்டியேறிப் போனாள்.

மகுடபதியிடம் மட்டும் சொன்னாள். தவமணியக்காவிடம் இன்றைக்கே போய்ச் சொல்லிவிடலாம் என்றான் அவன். சொன்னால் கிணற்றை மூடச் சொல்வார்கள், அறுவடை முடியட்டும் என்றாள் அவள். அறுவடைவரை அந்த அம்மா திருடியாகவே இருக்கட்டுமா என்று அவன் கேட்டபோது அவள் எழுந்து மோட்டாரைப் பார்க்கப் போய்விட்டாள். அன்றிலிருந்து அவனும் அவளிடம் அளந்து பேசினான்.

புகாரைத் திரும்பப் பெற்ற செய்தி ஊருக்குள் போனதும் சந்தேகம் அவள் பக்கம் திரும்பியது. கம்பெனிக்காரப் பெண் இவளோடு மட்டும் தனியாகப் பேசினாளே, என்ன பேசினாள் என்று கேட்டார்கள். இவளுக்கும் பங்கு கிடைத்துவிட்டது என்றார்கள். குழந்தைவேல் எதிரே வந்தால் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போனார். ஒருநாள் அவளுடைய மோட்டார் நன்றாக ஓடிக்கொண்டிருந்தபோது, ரோட்டில் போன இரண்டு பேர் நின்று, ஓடுகிறதா என்று காதுகொடுத்துக் கேட்டுவிட்டுப் போனார்கள். தான் வேலியோரம் நின்று கேட்டது அவளுக்கு நினைவுக்கு வந்தது.

சித்திரையில் சங்கக் கூட்டம் கூடியது. பள்ளிக்கூடத்து வராந்தாவில் ஊரே உட்கார்ந்திருந்தது. குழந்தைவேல் எழுந்து, தவமணியைச் செயலாளர் பொறுப்பிலிருந்து எடுக்க வேண்டும், விசாரணை முடியும்வரை அவள் மோட்டாரின் இணைப்பைத் துண்டிக்க வேண்டும் என்றார். பலரும் ஆமாம் என்றார்கள். தவமணி எழுந்து நின்றாள். சங்கத்துச் சாவியைச் சேலை முந்தானையிலிருந்து அவிழ்த்து மேசைமேல் வைத்தாள். தோப்பில் மரங்கள் பாதி குரும்பை உதிர்த்துவிட்டன, வந்து பார்த்துவிட்டு இணைப்பைத் துண்டியுங்கள் என்று மட்டும் சொன்னாள். யாரையும் குற்றம் சொல்லவில்லை. குரல்தான் அவளுடையதுபோல இல்லை.

கோகிலவாணி தன்னையறியாமல் எழுந்துவிட்டாள்.

"அக்கா திருடுலீங்க. அவங்க கெணத்துத் தண்ணிய எடுத்தது நானு. என்ற போர்தான் அதை உறிஞ்சுது. எனக்குத் தெரிஞ்சு ஒரு மாசமாச்சு. நான் சொல்லாம இருந்துபோட்டேன்."

யாரோ சிரித்தார்கள். நன்றாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. ஜெபசெல்வி சொன்னதையெல்லாம் கோகிலவாணி சொன்னாள். மேகம் என்பது யாரும் சண்டைக்கு வராத காரணம் என்பதால் நிரவி அதைப் பிடித்துக்கொண்டது என்றாள். யாரும் நம்பவில்லை. இத்தனை நாள் பொய் சொன்ன இயந்திரத்தைக் காட்டி இப்போது இவள் பொய் சொல்கிறாள் என்றார்கள். நம்பும் பழக்கமே அப்போது அந்த ஊரில் எல்லோருக்கும் விட்டுப்போயிருந்தது.

கடைசியில் அவளே ஒரு வழி சொன்னாள். என் மோட்டாரை அடுத்த கூட்டம்வரை நானே போடாமல் இருக்கிறேன், அதுவரை தவமணியக்காவும் போட வேண்டாம், ஆளுக்கு ஒருவர் வந்து கிணற்றைப் பாருங்கள் என்றாள்.

குழந்தைவேலே முதலில் வந்தார். தவமணியின் கிணற்றில் பாறையின் அடியில் கலங்கிக் கிடந்த தண்ணீர், நாளாக நாளாகப் படி ஏறியது. வற்றிக் கிடந்த பொந்துகளில் புறாக்கள் கூடு கட்டியிருந்தன. தண்ணீர் ஏற ஏற அவை இடம் மாறின. வந்தவர்கள் எட்டிப் பார்த்து, தண்ணீர் ஏறிய படிகளை எண்ணிவிட்டுப் போனார்கள். வேலிக்கு இந்தப்பக்கம் வெங்காயத் தாள்கள் நுனி கருகி, படுத்து, சருகாயின. கோகிலவாணி தினமும் காலையில் பாத்தி வரப்பில் நின்று அதைப் பார்த்தாள். மோட்டார் பொத்தானில் கைவைக்கவில்லை. அந்த வெள்ளாமையில் அவளுக்கு மிஞ்சியது விதைக்குக்கூட ஆகாத பொடி வெங்காயம்தான்.

தவமணி ஒருநாள் வேலியோரம் வந்தாள்.

"அம்மிணி, தண்ணிக்கு நான் வருத்தப்படல. தெரியாம எடுத்தது. நீ வேலியத் தாண்டி வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எம்புள்ளைக்கு வளையல் போட ஆளில்லாம உக்காந்திருந்துதே, அதைத்தான் என்னால மறக்க முடியல."

சொல்லிவிட்டுத் தவமணி திரும்பி நடந்தாள்.

அடுத்த கூட்டத்தில் ஊர் ஒரு முடிவெடுத்தது. நிரவி இனிமேல் பொய்க் காரணம் சொல்லக் கூடாது. தவமணி சாவியைத் திரும்ப வாங்க மறுத்ததால் குழந்தைவேல் புதிய செயலாளரானார். ஜெபசெல்வி மறுபடியும் வந்து, பொய்யை நீக்கிக் கொடுத்தாள். போகும்போது ஒன்றைச் சொன்னாள். உண்மையல்லாத காரணத்தைச் சொல்லக் கூடாது என்று மட்டும்தான் தன்னால் அதற்கு உத்தரவு போட முடியும், கலகம் வராமல் ஓட்ட வேண்டும் என்ற அடிப்படையை மாற்றக் கம்பெனி தனக்கு அதிகாரம் தரவில்லை என்றாள். ஊர்க்காரர்கள் தலையாட்டினார்கள். அதில் என்ன தப்பு, கலகம் வராமல் இருப்பது நல்லதுதானே என்று நினைத்தார்கள்.

முதல் சில நாட்கள் மோசமாக இருந்தன. யார் கிணறு யார் கிணற்றை உறிஞ்சுகிறது என்று பெட்டிகள் பெயர் சொல்லிக் காட்டின. அண்ணன் தம்பிகள் இரண்டு பேர் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். ஒருவருடைய குழாயை யாரோ உடைத்துப்போட்டார்கள். குழந்தைவேலின் மஞ்சள் தோட்டத்து மோட்டார் கீழ்த் தோட்டத்தில் இரண்டு கிணறுகளை வற்றவைக்கிறது என்று தெரிந்ததும் அவர் வெளியில் வருவதையே குறைத்துக்கொண்டார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எல்லாம் அடங்கியது. மோட்டார்கள் நிற்பது குறைந்தது. ஆனி பாதியில் ஊரில் ஒரு மோட்டார்கூட நிற்பதில்லை. காற்றுக்காலம் வந்துவிட்டது, காற்றாலை நன்றாகச் சுற்றுகிறது, அதனால்தான் என்று பேசிக்கொண்டார்கள். குழந்தைவேல் மறுபடி டீக்கடைக்கு வர ஆரம்பித்தார்.

கோகிலவாணி இந்த முறை கத்தரி வைத்திருந்தாள். ஒருநாள் பாத்தியின் கடைக்கோடிச் செடிகள் வாடியிருந்ததைப் பார்த்தாள். மோட்டார் நிற்காமல் ஓடிக்கொண்டுதான் இருந்தது. பெட்டியின் திரை ஒன்றும் சொல்லாமல் பச்சையாக எரிந்தது. அடைப்பு இருக்குமோ என்று குழாய்களை அவிழ்த்து ஊதிப் பார்த்தாள். அடைப்பு இல்லை. மோட்டார் அறைக்குள் போய்க் கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தைக் கேட்டாள். எத்தனையோ முறை கேட்ட சத்தம்தான். ஆனால் ஏதோ ஒன்று இளைத்திருந்தது.

அவள் மனது உடனே வேலிக்கு அந்தப்பக்கம் தாவியது. அக்கா என்ன செய்தாள் என்ற நினைப்பு, அவள் கூப்பிடாமலே வந்துவிட்டது. வந்ததும் அவளுக்கே வெட்கமாகப் போயிற்று. கையைக் கழுவிக்கொண்டு, யோசிக்கும் முன்பே வேலிப் படலைத் திறந்துகொண்டு தோப்புக்குள் நடந்தாள்.

தவமணி தொட்டியோரம் உட்கார்ந்து தண்ணீர் விழுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைக் கண்டதும் முகம் இறுகியது. ஆனால் எழுந்து போகவில்லை.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். உங்க மோட்டாரு சன்னமா ஓடுதுங்களா?"

தவமணி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் கிடந்த கல்லைக் காட்டி உட்காரச் சொன்னாள். முன்பு பால் கறந்து முடிப்பதற்குள் தொட்டி நிறைந்துவிடும், இப்போது சாணி அள்ளி, தீவனம் வைத்த பிறகும் நிறைவதில்லை, கண் பழுதாகிவிட்டதோ என்று தன்னையே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன் என்றாள். கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா என்று கோகிலவாணி கேட்டாள். இருக்கிறது, இறங்கவே இல்லை என்றாள் தவமணி.

ஒரே அளவான இரண்டு அண்டாக்களை எடுத்து, ஆளுக்கு ஒன்றாகக் குழாய்க்கு அடியில் வைத்துப் பார்த்தார்கள். இரண்டும் மெதுவாகத்தான் நிறைந்தன. காற்று சீறிக்கொண்டு வீசும்போதுகூட அதே மந்தம்தான். கோகிலவாணி ஜெபசெல்வியைச் செல்போனில் கூப்பிட்டு, இருவரும் கேட்கும்படி வைத்தாள். ஜெபசெல்வி தன் இடத்திலிருந்தே பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"மோட்டாரை நிறுத்தினாத்தானக்கா காரணம் சொல்லணும். அது நிறுத்தறதையே விட்டுருச்சு. எல்லா மோட்டாரையும் கொஞ்சம் கொஞ்சமா, ஒரு நாளைக்கு ஒரு மயிரிழை, வேகத்தைக் குறைச்சிருக்கு. யாருக்கும் தெரியாத அளவுக்கு. கிணறுகளுக்கு அதுதான் சரியான அளவு. கணக்குல தப்பே இல்லை."

"மிச்ச கரண்ட்டு எங்க போவுது?"

எங்கும் போகவில்லை, பலகைகளிலும் காற்றாலையிலும் சும்மா வீணாகிறது என்றாள் ஜெபசெல்வி. கம்பெனிக்குச் சொல்லட்டுமா என்று கேட்டாள். நாங்கள் கூப்பிடுகிறோம் என்று கோகிலவாணி வைத்துவிட்டாள்.

ஊரில் இப்போது சண்டை இல்லை. பேச்சை நிறுத்தியிருந்த அண்ணன் தம்பிகள் போன வாரம்தான் ஒன்றாகக் கோயிலுக்குப் போனார்கள். சொன்னால் மறுபடி கிளம்பும். சொல்லாவிட்டால் கிணறு நிறைந்திருக்கும், பயிருக்கு எவ்வளவு போதும் என்று அந்தப் பெட்டியே முடிவு செய்துகொள்ளும். அடுத்து எதை மறைக்கக் கற்றுக்கொள்ளும் என்று யாருக்கும் தெரியாது. கோகிலவாணி இதையெல்லாம் சொல்லிவிட்டு, நீங்கள் சொல்வதுபோலச் செய்யலாம் என்றாள்.

"நான் சொல்றதுக்கு என்ன இருக்குது" என்றாள் தவமணி. "கொறைச்சு எறைக்கோணும்னா கொறைச்சே எறைக்கலாம். அத நாம உக்காந்து பேசிக் கொறைக்கோணும். நமக்குத் தெரியாம ஒண்ணு கொறைக்கறது எனக்குப் புடிக்கலை." சேலையை உதறிக்கொண்டு எழுந்தாள். "வா, குழந்தைவேல்கிட்டப் போலாம்."

மஞ்சள் தோட்டத்துக்கு வண்டிப்பாதை வழியாக நடந்தார்கள். பாதி வழியில், பேத்தி பிறந்திருக்கிறாள் என்று தவமணி சொன்னாள். கேள்விப்பட்டேன் அக்கா என்றாள் கோகிலவாணி. வந்து பாரு என்று தவமணி சொல்லவில்லை. ஆனால் குழந்தை யார் சாயல் என்பதை மட்டும் சொன்னாள்.

குழந்தைவேல் வாசல் கேட்டுக்கு உள்ளே நின்று மஞ்சள் குவியலைக் கிளறிக்கொண்டிருந்தார். அவர்கள் இருவரும் சேர்ந்து வருவதைக் கண்டதும் கை நின்றது. கேட்டைத் திறக்கவில்லை. கம்பிக்கு அந்தப்பக்கமிருந்து ஒருத்தியின் முகத்தைப் பார்த்தார், பிறகு மற்றவளின் முகத்தைப் பார்த்தார்.

"என்னுங்க ரெண்டு பேரும் ஒட்டுக்கா வந்திருக்கறீங்க? முன்னாலயே பேசி வெச்சுட்டு வந்தீங்களாக்கும்?"

"ஆமாங்க" என்றாள் தவமணி. "பேசித்தான் வந்தோம்."

அவர் இன்னும் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு கையிலிருந்த மஞ்சள் தூசியை வேட்டியில் துடைத்துக்கொண்டு, கேட்டின் தாழ்ப்பாளை இழுத்தார்.